துடைப்பம் நம் கையில், துறை யார் கையில்?

கல்லூரிப் படிப்பை முடிக்கப்போகும் நம் பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால் நான்கு பதில்கள் வருகின்றன. போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுகிறேன், குரூப் 4 எழுதுகிறேன், பி.எட். சேரப்போகிறேன், வக்கீலுக்குப் படிக்கலாம் என்று இருக்கிறேன். நான்கும் நல்ல பதில்கள்தான். சேத்தூர், தேவதானம், முகவூர் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த நான்கில் ஒன்றையாவது வாய்விட்டுச் சொல்ல முடிந்தவர்கள் நம் தெருவில் வெகு சிலர். ஆனால் பொது சுகாதாரம் படிக்கப்போகிறேன், சுகாதாரக் கல்வி கற்பிக்கும் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்ப்பது இன்றைக்கும் அரிது.

வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்கும் தெரியும். "சுகாதாரமா? கக்கூஸ் கழுவுற வேலைக்கா உன்னைய இம்புட்டுக் கடன் வாங்கிப் படிக்க வச்சேன்?" என்று கேட்பார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்த சுகாதாரத்துறை அதுதான். சாக்கடை, குப்பை வண்டி, பிளீச்சிங் பவுடர், கையில் துடைப்பம். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை 2020இல் தூய்மைப் பணியாளர் என்று அரசு மாற்றியது. பெயர்தான் மாறியது, அந்த வேலைக்கு வரும் சாதி மாறவில்லை. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். துடைப்பத்துக்கு மட்டும் அப்படி ஒரு உச்சவரம்பைப் போட யாருக்கும் தோன்றியதில்லை.

ஆகவே பொது சுகாதாரத்துறைக்குள் நாம் இல்லை என்று சொல்வது தவறு. அடித்தட்டில் நாம்தான் நிறைந்திருக்கிறோம். நோயைக் கணக்கெடுக்கிற இடத்தில், திட்டம் எழுதுகிற மேசையில், பயிற்சி வகுப்பில் சாக்பீஸ் பிடிக்கிற கையில்தான் நம்மைத் தேட வேண்டியிருக்கிறது. இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். பாடம் யாருக்கு நடத்தப்படுகிறது என்பது இதனால்தான் தீர்மானமாகிறது.

சுகாதாரக் கல்வி என்ற பெயரில் நம் குடியிருப்புகளுக்கு வரும் முகாம்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பேனர், ஒரு மைக், ஒரு பொட்டலம் பிஸ்கட். கை கழுவும் ஏழு படிநிலைகள். நான் போயிருந்த ஒரு முகாமில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு பாட்டி சொன்னார்: "தண்ணி என்னைக்கு விடுவீகன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்கம்மா. கை கழுவ எங்களுக்குத் தெரியும்." அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்து அன்றோடு ஐந்து நாள் ஆகியிருந்தது. முகாம் நடத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை. கையைப் பற்றிச் சொல்ல அவர்களுக்குப் பயிற்சி இருந்தது, குழாயைப் பற்றிக் கேட்கப் பயிற்சி இல்லை.

பொது சுகாதாரம் பிறந்த கதையே வேறு. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, அவர்களில் பெரும்பாலோர் ஒரே தெருக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் என்று காட்டினார். நிர்வாகத்திடம் சொல்லி அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். அதற்கு 6 வருடம் முன்பு, 1848இல், மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சலை ஆராயப்போன ருடால்ஃப் விர்ஹோ அரசுக்கு எழுதிய அறிக்கையில் மருந்துப் பட்டியலோடு நிற்கவில்லை. அந்த ஏழை மக்களுக்குக் கல்வி வேண்டும், சுயாட்சி வேண்டும், வரிமுறை மாற வேண்டும் என்று எழுதினார். இருவரும் நோயாளியைத் திட்டவில்லை. நோய் வந்த வழியைத் தேடி, அந்த வழிக்குப் பொறுப்பானவர்களுக்குப் பாடம் சொன்னார்கள். நம் தெருவுக்கு வரும்போது மட்டும் இந்தப் பாடம் திசைமாறி, பாதிக்கப்பட்டவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடு முழுவதும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. ஊரார் புண்ணுக்குக் கட்டுப்போடும் துணி நம் கைவழியாகத்தான் போகிறது. ஆனால் பஞ்சுத் தூசியை வருடக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்குப் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும் என்பது எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது? வாரவிடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். அடுத்தடுத்த நாள்களில் கொஞ்சம் தணியும். நாளாக ஆக எல்லா நாளும் அப்படியே ஆகிவிடும். வழக்கமான சுகாதாரக் கல்வி இவர்களிடம் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகும். முழுப் பாடம் இன்னும் நீளமானது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இந்த நோய் இருந்தது. கண்டறிந்தால் ஆலை நிர்வாகமும் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். வேலையால் வந்தது என்று நிரூபணமானால் இழப்பீடு உண்டு. இந்த இரண்டாவது பாடத்தை நடத்தத் துணிகிறவர், ஆலைக்குப் போய்வரும் ஒரு அம்மாவின் மகளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சொல்லாமல் விடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்குச் சிகிச்சைக்கு வந்த ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. கொடுத்தவர் ஒரு இளைஞர். அவர் 2016இலேயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே தொற்று கண்டறியப்பட்டிருக்கிறது. அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. 2018இல் வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோதுதான் தெரிந்துகொண்டார். தெரிந்ததும் அவராகவே ரத்த வங்கிக்குத் தகவல் கொடுத்தார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

இதைப் பரிசோதனைக் கூடத்தின் தவறு என்று மட்டும் பேசி முடித்துவிட்டார்கள். இரண்டு வருடமாக ஒரு இளைஞனிடம் உட்கார்ந்து, பக்குவமாக, அவமானப்படுத்தாமல், "தம்பி, உன் ரத்தத்தில் இது இருக்கிறது, மருந்து இருக்கிறது, வாழலாம்" என்று சொல்ல ஒருவர் இல்லாமல் போனதை யாரும் பேசவில்லை. சுகாதாரக் கல்வி என்பது அந்த ஒருவர்தான். எல்லாருக்கும் பொதுவாக மைக்கில் கத்துவதை விட, ஒரு வீட்டு வாசலில் தாழ்ந்த குரலில் பேசுவது பெரிய படிப்பு. அதற்குத் தனித் திறமை வேண்டும், தனிப் பதவி வேண்டும், அதற்குத் தகுந்த சம்பளமும் வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலை மறக்க முடியுமா? 2022 டிசம்பரில் அங்கே தலித் குழந்தைகள் அடுத்தடுத்து நோய்வாய்ப்பட்டார்கள். சிகிச்சை கொடுத்த மருத்துவர்கள் தண்ணீரைச் சந்தேகித்தார்கள். டிசம்பர் 26 அன்று மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது உள்ளே மனித மலம் கிடந்தது. ஆய்வுக்குப் போன மாவட்ட அதிகாரிகள் கண்ணெதிரே இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் வெளிவந்தன. 2025 ஜனவரியில் சிபிசிஐடி, வேங்கைவயலின் பாதிக்கப்பட்ட மக்களைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மக்கள் அதை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டார்கள். இந்த வழக்கின் சட்டப் பக்கத்தை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். சுகாதாரப் பக்கத்தைப் பேசவில்லை. குழந்தைகளின் வயிற்றுவலி அங்கே சாட்சி சொன்னது. எந்தத் தெருவில், எந்தத் தேதியில், எத்தனை குழந்தைகள், எந்தத் தொட்டித் தண்ணீர் என்று எழுதிவைக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருந்தால், வன்கொடுமையை நோய் என்று மூடிமறைக்க முடியாது.

தண்ணீர் நம் அரசியலுக்குப் புதிதல்ல. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலைகளையும் பொதுக்கிணறுகளையும் நம் மக்களுக்குத் திறந்துவிடச் சொன்னது. 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்தார். இவற்றை உரிமைப் போராட்டங்களாக மட்டுமே படித்தோம். இரண்டும் பொது சுகாதாரப் போராட்டங்களும்தான்.

தமிழ்நாடு சுகாதாரத்தில் முன்னேறிய மாநிலம்தானே என்று கேட்கும் நண்பர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். முன்னேறிய மாநிலம்தான். நாட்டிலேயே முன்னோடியாக 1939இல் பொது சுகாதாரச் சட்டம் கண்ட மாகாணம் இது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை 18.6. இது சாதாரணச் சாதனை இல்லை. வெயிலில் தெருத்தெருவாக நடந்த நர்ஸம்மாக்களின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் அதே ஆய்வு 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. சராசரி என்பது ஊரையும் சேரியையும் கூட்டி வகுத்து வருவது. பிரித்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது உயர்சாதிப் பெண்களுடையதை விட 14.6 ஆண்டுகள் குறைவு என்றது. நம் ஒன்றியத்தில் எடை குறைந்து பிறந்த குழந்தைகள் எந்தெந்தத் தெருவில் என்று பதிவேட்டைப் பிரித்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும். வெளியிலிருந்து கேட்டால் மனு. உள்ளிருந்து கேட்டால் அறிக்கை.

படிக்காத தலித் பெண்களே இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் வட்டாரத்தில் 1970இல் ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதி வேலையைத் தொடங்கினார்கள். இருவரும் வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர்கள். வெளியூரிலிருந்து வந்த நர்ஸ்களால் கிராமத்தோடு ஒட்ட முடியவில்லை. அதனால் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், அவர்களில் தலித் பெண்களும் கணிசம். வாராவாரம் கூடிப் படித்தார்கள். எல்லாச் சாதிப் பெண்களும் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகத் தூங்குவது அந்தப் பாடத்திட்டத்தில் சேர்ந்தது. குடிநீருக்கு ஆழ்துளைக் கிணறு போட்டபோது தலித் குடியிருப்பில் போட்டார்கள். தண்ணீர் வேண்டுமானால் ஊர் அங்கே வந்தாக வேண்டும். தொடக்கத்தில் 1,000க்கு 176 ஆக இருந்த குழந்தை இறப்பு விகிதம் பின்னாளில் 30க்குக் கீழே இறங்கியது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உலகுக்கு எடுத்துக்காட்டிய முன்மாதிரிகளில் ஜாம்கேடும் ஒன்று. 1979இல் ஆரோலே தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஜாம்கேடை நான் மதிக்கிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அங்கே நம் பெண்கள் கிராம சுகாதாரப் பணியாளர்கள், மருத்துவர்கள் வேறு யாரோ. ஐம்பது வருடம் கழித்தும் நாம் தன்னார்வலராகவே இருக்க வேண்டுமா? மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது வீடுவீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கச் சுயஉதவிக் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். அருமையான திட்டம். ஆனால் அவர்களுக்குத் தன்னார்வலர் என்று பெயர், கிடைப்பது மதிப்பூதியம். சம்பளம் என்று சொன்னால் உரிமை வந்துவிடும் அல்லவா? தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பல பணியிடங்கள் ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. ஒப்பந்தமும் அவுட்சோர்சிங்கும் வரும் இடத்தில் இடஒதுக்கீடு மெல்ல வெளியே போய்விடுகிறது. இந்தத் துறைக்குப் போங்கள் என்று சொல்லும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே போவதோடு, நிரந்தரப் பணியிடம் கேட்கும் சங்கத்திலும் சேருங்கள்.

இனி வழிகள். பிளஸ் 2வில் உயிரியல் படித்தவர்களுக்கு இரண்டு வருட சுகாதார ஆய்வாளர் பயிற்சி இருக்கிறது. திண்டுக்கல் அருகே அம்பாத்துரையில் 1964 முதல் இயங்கும் காந்திகிராம சுகாதார நிறுவனம் இதில் பழையது, பெயர்பெற்றது. பெண்களுக்கு ஏ.என்.எம். படிப்பு உண்டு, அதுதான் கிராம சுகாதார செவிலியர் பணிக்கு வாசல். இந்த இரண்டு பணிகளுக்கும் ஆள் எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். 2023இல் 2,250 செவிலியர் இடங்களுக்கும் 1,066 சுகாதார ஆய்வாளர் இடங்களுக்கும் அறிவிப்பு வந்தது. குரூப் 4 அறிவிப்பு வந்த அன்றே நம் இரவுப் பாடசாலைப் பலகையில் ஏறிவிடுகிறது. இந்த அறிவிப்பும் அதே பலகையில் அன்றைக்கே ஏற வேண்டும்.

பட்டம் முடித்தவர்களுக்குப் பொது சுகாதார முதுகலை, அதாவது எம்.பி.எச். இதற்கு டாக்டராக இருந்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகம், டெல்லி ஜேஎன்யூ போன்ற இடங்களில் சமூகவியல், சமூகப்பணி படித்தவர்களும் சேரலாம். திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம் சமூக அறிவியல் முதுகலை முடித்தவர்களையும் எடுக்கிறது. அங்கே நோய்ப்பரவியலும் புள்ளியியலும் படிக்க வேண்டியிருக்கும். கணக்கு என்றால் பயப்படாதீர்கள். ஸ்னோவிடம் இருந்ததும் கூட்டல் கணக்கும் ஒரு தெரு வரைபடமும்தான். இந்தப் படிப்பு முடித்தவர்கள் திட்ட அலுவலராகலாம், ஆராய்ச்சியாளராகலாம், நர்சிங் பள்ளிகளிலும் பயிற்சி நிறுவனங்களிலும் ஆசிரியராகலாம். கடைசியாகச் சொன்னதை நான் முதலில் வைப்பேன். நாளைக்கு 60 நர்ஸ்கள் எந்தக் கண்ணோடு சேரிக்குள் நுழையப்போகிறார்கள் என்பதை ஒரு ஆசிரியர் தீர்மானிக்கிறார்.

பணம் பெரிய தடை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் அது தானாக வந்துவிடாது. 2018 பிப்ரவரியில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் நான்கு வளாகங்களிலும் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துப் போராடினார்கள். இந்த உதவித்தொகைக்குத் தகுதியான தலித், பழங்குடி மாணவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை நிர்வாகம் திரும்பப் பெற்றதே காரணம். சேரும் முன்பே விடுதிக் கட்டணம், சாப்பாட்டுக் கட்டணம், உதவித்தொகை எந்த மாதம் வரும் என்பதைச் சீனியர்களிடம் கேளுங்கள். பாதியில் திரும்பி வருவது நம் பிள்ளைகளுக்குத் திறமை போதாமல் நடப்பதில்லை, மெஸ் பில் கட்ட முடியாமல்தான் நடக்கிறது.

நம் சாதியில் பிறந்துவிட்டால் மட்டும் போதும், பாடம் தானாக மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. பதவி வந்ததும் பேனரும் மைக்கும் பிடித்துக்கொண்டு சொந்தத் தெருவுக்கே உபதேசம் செய்தவர்களும் உண்டு. தென்காசி நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்தாலே குழாயில் தண்ணீர் வந்துவிடாது என்பதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. அரசியல் தெளிவும் வேண்டும், தொழில் படிப்பும் வேண்டும்.

முன்னோடி இல்லாத பாதையும் இல்லை இது. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். 1907இல் பத்திரிகை தொடங்கிய அதே கை நாடி பார்த்த கை. சாவித்திரிபாய் புலேயை முதல் ஆசிரியை என்று கொண்டாடுகிறோம். அவர் இறந்தது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். 1897இல் புனேயைப் பிளேக் சூறையாடியபோது வளர்ப்பு மகன் யஷ்வந்த்தோடு சேர்ந்து நோயாளிகளைக் கவனித்தார். மகர் குடியிருப்பில் நோய் கண்ட ஒரு சிறுவனைச் சுமந்துகொண்டு சிகிச்சைக்கு வந்தார். தொற்று அவரையும் பிடித்தது, மார்ச் 10 அன்று இறந்தார். கற்பிப்பதும் நோயாளியைத் தொடுவதும் அவருக்கு ஒரே வேலை.

படிப்பில் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே ஒன்று செய்யலாம். உங்கள் தெருவுக்கு வரும் மேல்நிலைத் தொட்டியில் கடைசியாகச் சுத்தம் செய்த தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குளோரோஸ்கோப் என்ற சின்னக் கருவியில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்தச் சோதனையை உங்கள் முன்னால் செய்துகாட்டச் சொல்லி ஹெல்த் இன்ஸ்பெக்டரிடம் கேளுங்கள். தண்ணீர் வந்த நாள், வராத நாள், குளோரின் அளவு, வயிற்றுப்போக்கு வந்த வீடுகள் என்று 30 நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையில் வையுங்கள். சேத்தூர் போலப் பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அது உங்கள் முதல் பொது சுகாதார ஆய்வு. விண்ணப்பப் படிவத்தில் அனுபவம் என்று கேட்கும் இடத்தில் அதை எழுதலாம்.

அந்த அம்மாவிடமும் போய்ச் சொல்லுங்கள். கழுவுகிற வேலைக்குப் போகவில்லை, நம்மை மட்டுமே கழுவ வைத்தது யார் என்று கணக்குக் கேட்கிற வேலைக்குப் போகிறேன் என்று.

ஜெய் பீம்.